மேஜிக் சீட்டாட்டம்: புதியவர் எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது?

#1 · வெள்ளிவீதி

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து ‘மேஜிக்: த கேதரிங்’ ஆடுகிறார்கள். இரண்டு மாதம் வேடிக்கை பார்த்த நான், ஆசை அடங்காமல் சென்ற மாதம் ஒரு கடைக்குப் போய், புதியவன் என்று சொல்லியே உள்ளே எந்தச் சீட்டு வரும் என்று தெரியாத 12 பூஸ்டர் உறைகளை வாங்கி வந்தேன். கடையில் யாரும் தடுக்கவில்லை. உறைக்கு 14 வீதம் 168 சீட்டுகள் இப்போது வீட்டில் கிடக்கின்றன. அவற்றை வைத்து உருப்படியாக ஒரு கட்டைக்கூட என்னால் அமைக்க முடியவில்லை.

கற்றுக்கொள்ள நான் முயலாமல் இல்லை. வெளியீட்டாளரான விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் முழு விதித்தொகுப்பைத் தரவிறக்கினேன். அது 250 பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. இரண்டு இரவுகளில் 40 பக்கம் படித்து முடித்தபோது, தொடங்கும்போது தெரிந்திருந்ததும் குழம்பிப் போயிருந்தது. பிறகு காணொளிகளுக்குப் போனேன். பாதிப் பேர் உறையைக் கிழித்து விலை சொல்கிறார்கள், மீதிப் பேர் எனக்குப் புரியாத குறுஞ்சொற்களில் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். கடைசியாக ஓர் இணையதளத்தில் கண்ட 60 சீட்டுக் கட்டைப் பார்த்து, என்னிடம் இல்லாதவற்றுக்கு இருப்பவற்றை மாற்றி வைத்து, மற்றச் சீட்டுகளை இறக்கத் தேவையான ‘மானா’ என்ற ஆற்றலைத் தரும் 20 நிலச்சீட்டுகளுடன் ஒரு கட்டு அமைத்து ஆடினேன். ஏழு ஆட்டங்களிலும் தோற்றேன். ஏன் தோற்றேன் என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.

படிக்க ஏராளமாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எதை எந்த வரிசையில் படிப்பது என்பதையே கேட்கிறேன்.

#2 · சதுப்புநிலம்

வெள்ளிவீதி அவர்களுக்கு, கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றி 1993 ஆகஸ்டிலிருந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த முதல் தொகுதியில் 295 சீட்டுகளே இருந்தன. இன்று அந்த எண்ணிக்கை இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அதைப் படித்துப் புரியாமல் போனால் அது உங்கள் குறையாகாது.

முதலில், அந்த விதித்தொகுப்பை மூடிவையுங்கள். அது ஒன்பது பகுதிகளும் கடைசியில் ஒரு சொற்பட்டியலும் கொண்ட சட்டநூல். தகராறு வரும்போது தீர்ப்புச் சொல்வதற்காக எழுதப்பட்டதே தவிர, கற்பிப்பதற்காக அன்று. நன்னூலை மனப்பாடம் செய்து தமிழ் பேசக் கற்ற குழந்தை எங்கும் இல்லை. இப்போதைக்கு அதிலிருந்து உங்களுக்குத் தேவையான விதி ஒன்றுதான்: சீட்டில் எழுதியிருப்பதும் பொதுவிதியும் மோதினால் சீட்டே வெல்லும். அது 101.1 என்ற எண்ணில், முதல் பக்கங்களிலேயே இருக்கிறது.

அடுத்து, ‘மேஜிக் ஆரினா’ செயலியைக் கணினியிலோ கைப்பேசியிலோ இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். அதிலுள்ள தொடக்கப் பாடம் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கருத்து என்ற அளவில் நிறுத்தி நிதானமாகச் சொல்லித்தரும். பாடம் முடிந்ததும் அவர்களே ஆயத்தக் கட்டுகள் சிலவற்றைத் தருவார்கள். அவற்றில் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து ஆட்டங்களாவது ஆடுங்கள். கட்டை மாற்றவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். இருபது ஆட்டங்கள் முடிவதற்குள் ஒரு முறையின் (ஒருவர் ஆடும் சுற்றின்) படிகள் உங்களுக்கு மனப்பழக்கமாகிவிடும். பயன்படுத்திச் சாய்த்த சீட்டுகளை நிமிர்த்துவது, பராமரிப்புக் கட்டம், ஒரு சீட்டு எடுப்பது, முதல் முதன்மைக் கட்டம், சண்டை, இரண்டாம் முதன்மைக் கட்டம், முடிவு என்ற இந்த வரிசையை யாரும் உட்கார்ந்து நெட்டுருப் போட வேண்டியதில்லை.

மேசையில் ஆடக் கையில் சீட்டு வேண்டுமென்றால் ‘ஜம்ப்ஸ்டார்ட்’ உறைகளை வாங்குங்கள். 2020-இல் அறிமுகமான அந்த முறையில் ஓர் உறையில் 20 சீட்டுகள், நிலம் உட்பட, ஒரே கருப்பொருளில் இருக்கும். இரண்டு உறைகளைப் பிரித்துக் கலைத்தால் 40 சீட்டுக் கட்டு ஆயத்தம். 2024 நவம்பரில் வந்த ‘ஃபவுண்டேஷன்ஸ்’ தொகுதிக்கென ஒரு தொடக்கப் பெட்டியும் இருக்கிறது; முதல் சில முறைகளை எப்படி ஆடுவது என்று கைப்பிடித்து அழைத்துச் செல்லும். பூஸ்டர் உறை என்பது பலர் சேர்ந்து, உறைகளைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகத் தேர்ந்து கைமாற்றும் ‘டிராஃப்ட்’ ஆடுவதற்கானது. தனி ஒருவர் கட்டு அமைப்பதற்கு அதைவிட மோசமான வழி இல்லை. கடைக்காரர் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

#3 · மழைக்குருவி

சதுப்புநிலம் ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. ஆரினா நன்றாகக் கற்பிக்கிறது, ஆனால் ஒன்றை மறைக்கிறது. இந்த ஆட்டத்தின் உயிர்நாடி, ஒருவர் ஒன்றைச் செய்யும்போது அது நிறைவேறுவதற்கு முன் மற்றவர் குறுக்கிட முடியும் என்பதில் இருக்கிறது. அந்த வாய்ப்பை ‘பிரயாரிட்டி’ என்கிறார்கள். நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று ஆரினா கருதும் இடங்களில் அந்த வாய்ப்பை அதுவே கடந்துபோய்விடுவதால், அப்படி ஒரு கணம் இருந்ததே உங்களுக்குத் தெரியாது. ஆரினாவில் நூறு ஆட்டம் ஆடிவிட்டு மேசைக்கு வந்து, எதிராளி “சரியா?” என்று கேட்டதற்கு என்ன பதில் சொல்வதென்று விழித்தவள் நான்.

1999-இல் வந்த ஆறாம் பதிப்பு விதிகளிலிருந்து ‘ஸ்டாக்’ என்ற அடுக்குமுறை நடப்பில் இருக்கிறது. கடைசியாக வைத்தது முதலில் நிறைவேறும். ஓர் எடுத்துக்காட்டு போதும். உங்களிடம் 2/2 வலிமையுள்ள, அதாவது இரண்டு சேதம் விளைவித்து இரண்டு சேதத்தில் சாகும் ‘கிரிஸ்லி பேர்ஸ்’ கரடி இருக்கிறது. எதிராளி அதன்மேல் மூன்று சேதம் விளைவிக்கும் ‘லைட்னிங் போல்ட்’ எறிகிறார். நீங்கள் அதற்குப் பதிலாக, முறை முடியும்வரை +3/+3 தரும் ‘ஜயன்ட் க்ரோத்’ இறக்குகிறீர்கள். உங்களுடையது பிந்தி வந்ததால் முந்தி நிறைவேறுகிறது. கரடி 5/5 ஆகிவிடுகிறது, மின்னல் மூன்று சேதம் செய்தும் அது பிழைக்கிறது.

இதையே திருப்பிப் போடுங்கள். சண்டையில் நீங்கள் முதலில் ஜயன்ட் க்ரோத் இறக்குகிறீர்கள். அது நிறைவேறும் முன் எதிராளி லைட்னிங் போல்ட் எறிகிறார். இப்போது மின்னல் முதலில் விழுகிறது. கரடி இன்னும் 2/2 தான், எனவே சாகிறது. உங்கள் சீட்டு குறிவைத்த இலக்கே இல்லாமல் போனதால் அதுவும் வீணாகிறது. அதே மூன்று சீட்டுகள்தாம், வரிசை மட்டும் மாறியது. நீங்கள் இழந்தது இரண்டு, அவர் செலவிட்டது ஒன்று. இந்த மூன்று சீட்டுகளையும் மேசையில் வைத்து, ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லி, ஒருவர் துணையோடு அரைமணி நேரம் மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். முழு விதித்தொகுப்பில் 40 பக்கம் தராதது இதில் கிடைக்கும்.

#4 · வெள்ளிவீதி

மழைக்குருவி அவர்களுக்கு நன்றி. என்னுடைய ஏழு தோல்விகளில் மூன்றாவது இதனால்தான் நேர்ந்தது என்று இப்போது புரிகிறது. கரடி செத்து ஒதுக்கப்பட்டபின் “நான் ஜயன்ட் க்ரோத் போடுகிறேன்” என்றேன், எல்லோரும் சிரித்தார்கள். மின்னல் நிறைவேறி முடிந்தபின் குறுக்கிட ஏதும் இல்லை என்பதை யாரும் எனக்கு விளக்கவில்லை, “அப்படிச் செய்ய முடியாது” என்று மட்டும் சொன்னார்கள்.

ஒரு கேள்வி. இருவரும் வேண்டாம் என்று கடந்துவிட்டால்தான் அடுக்கின் மேலுள்ளது நிறைவேறுமா?

#5 · மழைக்குருவி

ஆம், இருவரும் அடுத்தடுத்துக் கடந்தால் மேலுள்ள ஒன்று மட்டும் நிறைவேறும். அது நிறைவேறியபின் மீண்டும் இருவருக்கும் குறுக்கிட வாய்ப்பு வரும். முழு அடுக்கும் ஒரே மூச்சில் சரிந்துவிடாது. இது விதித்தொகுப்பில் 117, 405 ஆகிய எண்களில் இருக்கிறது. இப்போது போய் அந்த இரண்டை மட்டும் படித்தால் புரியும், ஏனென்றால் இப்போது உங்களிடம் கேள்வி இருக்கிறது. 613 என்ற எண்ணுள்ள விதியின் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். பல விளைவுகள் ஒரே சீட்டின்மேல் ஏறும்போது எது முதலில் கணக்கிடப்படும் என்று சொல்லும் அந்தப் பகுதியில் பத்தாண்டு ஆடியவர்களும் தடுமாறுவார்கள்.

ஆரினாவிலும் ‘முழுக் கட்டுப்பாடு’ என்றொரு நிலை உண்டு. அதை இயக்கினால் ஒவ்வொரு வாய்ப்பிலும் அது நின்று உங்களைக் கேட்கும். சலிப்பூட்டும்தான். இரண்டு ஆட்டங்களாவது அப்படி ஆடிப் பார்க்கலாம்.

#6 · பனங்காய்

நான் யாழ்ப்பாணத்தில் 304 ஆடி வளர்ந்தவன். வீற்று எனப்படும் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2 என்று ஒரு சாதிக்கு 76, நான்கு சாதிக்கும் சேர்த்து 304 என்ற கணக்கை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் குந்தியிருந்து, அவர் எந்தச் சீட்டை ஏன் இறக்கினார் என்று ஆட்டம் முடிந்தபின் கேட்டுக் கேட்டுக் கற்றோம். ஆட்டத்தின் நடுவே கேட்டால் அடி விழும்.

இந்தப் புதிய ஆட்டத்துக்கும் அந்தத் தோள் வேண்டும் என்பதே என் அனுபவம். காணொளிகளில் பயனுள்ளவை எவை என்றால், ஆடுபவர் தம் கையிலுள்ள ஏழு சீட்டுகளையும் காட்டி, ஒவ்வொரு முடிவுக்கும் முன் யோசனையை வாய்விட்டுச் சொல்பவை. போட்டி ஒளிபரப்பு அப்படியன்று, இருவர் கையையும் ஒரே நேரத்தில் காட்டி முடிவை மட்டும் பேசுவார்கள். உறை கிழிக்கும் காணொளி வாணவேடிக்கை, அதைப் பார்க்கலாம், அதிலிருந்து கற்க ஒன்றுமில்லை. நல்ல காணொளி கிடைத்தால் இப்படிப் பாருங்கள்: ஆடுபவர் முடிவெடுக்கும் முன் நிறுத்திவிட்டு, நான் என்றால் எதை இறக்குவேன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஓடவிடுங்கள். இரண்டும் வேறாக இருந்தால் அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். ஒரு மணி நேரக் காணொளிக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் ஒரு நாளில் ஆறு காணொளிகளைச் சும்மா ஓடவிடுவதைவிட இதில் அதிகம் தங்கும்.

எழுத்தில் வேண்டுமென்றால், ரீட் டியூக் என்ற ஆட்டக்காரர் மேஜிக்கின் அதிகாரபூர்வ தளத்தில் ‘லெவல் ஒன்’ என்ற பெயரில் எழுதிய தொடர் இலவசமாகவே கிடைத்தது. எந்தச் சீட்டுக்கு எதைக் கொடுத்து மாற்றிக்கொள்வது இலாபம், எப்போது தாக்குவது, எப்போது காப்பது என்பவற்றை எளிய ஆங்கிலத்தில், குறுஞ்சொற்களைக் குறைத்து எழுதியிருக்கிறார். இருபது ஆட்டங்களுக்குப் பிறகு அதைத் தொடங்குங்கள், முன்னதாக வேண்டாம். அதற்கும் அடுத்த படியில், 1999-இல் மைக் ஃப்ளோரஸ் ‘டோஜோ’ என்ற தளத்தில் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. ஒரே மாதிரியான இரு கட்டுகள் மோதும்போது யார் தாக்குபவர், யார் தாக்குப்பிடிப்பவர் என்பதைத் தவறாகக் கணித்தவரே தோற்பார் என்பது அதன் சாரம். அதில் வரும் சீட்டுகள் பழையவை, கருத்துக்கு வயதாகவில்லை.

#7 · கூட்டல்கழித்தல்

வெள்ளிவீதியின் ஏழு தோல்விகளைப் பற்றி யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்பதால் நான் பார்க்கிறேன். 60 சீட்டில் 20 நிலம் வைத்தேன் என்கிறார். முதலில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் நிலமே இல்லாமலோ ஒன்று மட்டுமோ வருவதற்கான வாய்ப்பு, 20 நிலம் என்றால் சுமார் 24.7 விழுக்காடு. அதாவது நான்கு ஆட்டத்தில் ஒன்று தொடங்கும்போதே ஆட முடியாத கை. 24 நிலம் வைத்தால் அதே வாய்ப்பு 14.3 விழுக்காடு, ஏறத்தாழ ஏழில் ஒன்று. 24 நிலத்தில் இரண்டு முதல் நான்கு நிலம் கையில் வருவது 77 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

20 நிலத்தோடு வெல்லும் கட்டுகளும் உண்டு. அவற்றில் பெரும்பாலான சீட்டுகள் ஒன்று, இரண்டு மானாவில் இறக்கக்கூடியவை. அவர் பார்த்த கட்டு அப்படிப்பட்டதாக இருந்திருக்கும். இல்லாத சீட்டுகளுக்குப் பதிலாக அவர் வைத்தவை நான்கும் ஐந்தும் மானா கேட்பவையாக இருந்திருக்கும். வெற்றி பெற்ற கட்டின் பட்டியலைப் புதியவர் பார்த்தெழுதுவதில் உள்ள ஆபத்து இதுதான். பட்டியலில் என்ன இருக்கிறது என்று தெரியும், ஏன் இருக்கிறது என்று அது சொல்லாது. இந்தக் கணக்கை ஆழமாகப் பார்க்க விரும்புவோர் ஃபிராங்க் கார்ஸ்டன் எழுதியவற்றைத் தேடலாம். எத்தனை நிலம், எந்த நிறத்தில் எத்தனை என்று நிகழ்தகவை வைத்து அட்டவணை போட்டுக் கொடுத்தவர் அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரினாவில் ஒரே ஆட்டமாக முடியும் வகையில், தொடக்கக் கையை வழங்கும்போது அந்தச் செயலி ஒன்றுக்கு மேற்பட்ட கைகளை எடுத்துப் பார்த்து, கட்டிலுள்ள நில விகிதத்துக்கு நெருங்கிய ஒன்றைத் தரச் சாயும். அதனால் நிலம் குறைந்த கட்டு அங்கே ஓடும், மேசையில் படுக்கும். ஆரினாவில் வென்ற கட்டை அப்படியே அச்சுச் சீட்டில் அமைத்தவர்கள் திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

#8 · வெள்ளிவீதி

என் கட்டை எடுத்து எண்ணிப் பார்த்தேன். நான்கு மானாவும் அதற்கு மேலும் கேட்பவை பதினேழு. கூட்டல்கழித்தல் அவர்கள் என் வீட்டு மேசையை எட்டிப் பார்த்தது போல எழுதியிருக்கிறார்.

#9 · நாலுமுனை

இவ்வளவும் இருவர் ஆடும் ஆட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவருடைய அலுவலகத்தில் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி ஆடுகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் ‘கமாண்டர்’ வகையாகத்தான் இருக்கும்: 100 சீட்டுக் கட்டு, அடிப்படை நிலம் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, ஆளுக்கு 40 உயிர்ப் புள்ளிகள். அதற்கு ஆயத்தக் கட்டுகள் 2011 முதல் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றை வாங்கிக்கொண்டு போய் உட்கார வேண்டியதுதானே? கூட ஆடும் நண்பர்களைவிடச் சிறந்த பாடநூல் எது?

#10 · சதுப்புநிலம்

நாலுமுனை சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானதும்கூட: ஆட ஆள் இருக்கும் இடத்தில்தான் கற்க முடியும். மறுபாதியை யோசியுங்கள். 60 சீட்டுக் கட்டில் ஒரே சீட்டு நான்கு வரை இருக்கலாம், அது ஏழு சீட்டுத் தொடக்கக் கையில் ஒன்றாவது வருவதற்கு 40 விழுக்காடு வாய்ப்பு. அதே சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் அதன் பயன் பிடிபடுகிறது. கமாண்டரில் ஒவ்வொன்றும் ஒன்றே. நால்வர் ஆடினால் மேசையில் நானூறு சீட்டு, பெரும்பாலும் புதியவர் வாழ்வில் ஒருமுறைகூடப் படித்திராதவை. ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசும் வீட்டில் புதுமொழி கற்பது போன்றது அது.

எனவே அங்கே போய் உட்காருங்கள், ஆனால் அதற்கு முன் அவர்களில் ஒருவரிடம், யார் அதிகம் வெல்கிறாரோ அவரிடமன்று, யார் பொறுமையாக விளக்குகிறாரோ அவரிடம், அரைமணி முன்னதாக வந்து இருவர் ஆட்டம் இரண்டு ஆட முடியுமா என்று கேளுங்கள். நான் இதுவரை கேட்டவர்களில் ஒருவர்கூட மறுத்ததில்லை. இந்த ஆட்டத்துக்காரர்களுக்குத் தம் கட்டைப் பற்றிப் பேசக் கசக்காது.

#11 · ஏடுதேடி

தேடுபொறிகளைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. ‘ஸ்க்ரைஃபால்’ என்ற தளம் இல்லாமல் நான் ஒரு நாளும் ஆடியதில்லை. நிறம், வகை, மானாச் செலவு, சீட்டில் உள்ள சொற்றொடர் என எதைக் கொண்டும் தேடலாம். சிவப்பு நிறத்தில், இரண்டு மானாவுக்கு மிகாமல், “ஒரு சீட்டை எடு” என்ற வரி உள்ள கிரீச்சர்கள் (கரடி போன்ற உயிரினச் சீட்டுகள்) எவை என்று கேட்டால் ஒரு நொடியில் பட்டியல் வரும். ஒவ்வொரு சீட்டின் கீழும், அதைப் பற்றி வந்த அதிகாரபூர்வ விளக்கங்களும் இருக்கும். விசர்ட்ஸ் நடத்தும் ‘கேதரர்’ தளத்திலும் இவை உண்டு. ஐயம் வந்த சீட்டின் விளக்கத்தை அங்கே படிப்பது, மன்றங்களில் கேட்டுவிட்டு ஐந்து பேரின் ஐந்து பதிலுக்காகக் காத்திருப்பதைவிட விரைவானது. இந்த மன்றத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

கமாண்டருக்கு ‘இடிஎச்ரெக்’ என்ற தளம் கட்டுக்குத் தலைமை தாங்கும் ‘கமாண்டர்’ சீட்டு எதனோடு மற்றவர்கள் எவற்றைச் சேர்க்கிறார்கள் என்று காட்டும். பலர் வைப்பதால் அது நல்லது என்று கொள்ள வேண்டாம். ஆயத்தக் கட்டில் இருந்ததாலேயே பலர் கட்டில் தங்கிவிட்ட சீட்டுகளும் அந்த எண்ணிக்கையில் ஏறிநிற்கும்.

பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது ஆண்டைப் பாருங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2009-க்கு முன் எழுதப்பட்ட அருமையான கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, சண்டைச் சேதம் அடுக்கில் ஏறியபின் என் கிரீச்சரைப் பலிகொடுத்தும் சேதம் விளைவிக்கலாம் என்று நம்பிப் போட்டி மேசையில் அடம்பிடித்தேன். அந்த ஆண்டு வந்த விதிமாற்றத்தில் சேதம் அடுக்கில் ஏறுவதே நின்றுபோனது. செலவழிக்காத மானாவுக்காக உயிர் இழக்கும் விதியும் அப்போதே போயிற்று. பிடிக்காத கையைத் திருப்பிக் கொடுக்கும் ‘மலிகன்’ முறை 2019-இல் மாறியது. இப்போது மீண்டும் ஏழு சீட்டு எடுத்து, எத்தனை முறை மாற்றினோமோ அத்தனை சீட்டைக் கட்டின் அடியில் வைக்கிறோம். பல கிரீச்சர்கள் ஒன்றைத் தடுக்கும்போது சேதத்தை வரிசைப்படுத்தும் விதி 2024-இல் ஃபவுண்டேஷன்ஸோடு நீங்கியது. ஆட்ட நுணுக்கத்துக்குப் பழைய கட்டுரையைத் தாராளமாகப் படிக்கலாம், விதிக்கு மட்டும் அதை நம்பக் கூடாது.

#12 · சொல்லாடி

இந்தச் சீட்டுகள் தமிழில் அச்சாவதில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் சீட்டிலுள்ள ஆங்கிலம் பேச்சு ஆங்கிலம் அன்று. ‘டெஸ்ட்ராய்’, ‘எக்ஸைல்’, ‘சாக்ரிஃபைஸ்’ ஆகிய மூன்றையும் சேர்த்து “காலி” என்று நினைத்தால் தொலைந்தோம். நான் என் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அழித்தல், நாடுகடத்தல், பலியிடுதல் என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டேன். அழிக்க முடியாத கிரீச்சர் என்று சீட்டில் எழுதியிருந்தால் அழிக்கும் மந்திரம் அதைத் தொடாது. ஆனால் நாடுகடத்தலாம், அதை வைத்திருப்பவரையே பலியிடச் செய்யலாம். அழிந்ததும் பலியானதும் கல்லறைக் குவியலுக்குப் போகும், அங்கிருந்து மீட்க வழிகள் உண்டு. நாடுகடத்தப்பட்டது பெரும்பாலும் திரும்பாது.

இதேபோல ‘டார்கெட்’ என்ற சொல் சீட்டில் இருக்கிறதா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். குறிவைக்க முடியாத கிரீச்சரை, “குறிவைத்த கிரீச்சரை அழி” என்ற சீட்டு தொடாது. “எல்லாக் கிரீச்சர்களையும் அழி” என்பது தொடும், அது யாரையும் குறிவைக்கவில்லை. ஒரு தாளில் இப்படிப்பட்ட இருபது சொற்களை உங்கள் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் சொற்களை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. நீங்களே வைத்த பெயர்தான் நினைவில் நிற்கும்.

#13 · இருபிள்ளைத்தாய்

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். பத்து வயது மகனுக்காகக் கேட்கிறேன். அவனுக்கும் இதே ஆட்டம் ஏற்றதா, அல்லது போக்கிமான் சீட்டாட்டத்தில் தொடங்கலாமா?

#14 · சதுப்புநிலம்

போக்கிமானில் தொடங்குங்கள், அம்மா. 60 சீட்டுக் கட்டு, ஆறு பரிசுச் சீட்டுகளை முதலில் எடுத்து முடிப்பவர் வெல்வார். எதிராளியின் முறையில் குறுக்கிடும் சிக்கல் ஏறக்குறைய இல்லாததால், மேலே மழைக்குருவி விளக்கிய அடுக்கைப் பற்றிக் குழந்தை கவலைப்பட வேண்டியதில்லை. அதற்கும் கணினியில் இலவசச் செயலி உண்டு, அதிலும் தொடக்கப் பாடம் இருக்கிறது. யு-கி-ஓ மட்டும் இப்போதைக்கு வேண்டாம். அதில் ஒரே முறையில் பத்துப் பதினைந்து செயல்கள் சங்கிலியாக நிகழும், பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். அவனுக்குப் பள்ளியில் கூட ஆடும் பிள்ளைகள் யாரேனும் இருந்தால் அவர்கள் ஆடுவதே சரியான ஆட்டம், என் பேச்சைக் கேட்காதீர்கள்.

#15 · வெள்ளிவீதி

ஆறு வாரங்களுக்குப் பின் திரும்பி வந்திருக்கிறேன். சொன்னவர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

ஆரினாவில் இரண்டு ஆயத்தக் கட்டுகளில் இருபத்தெட்டு ஆட்டங்கள் ஆடினேன். முதல் பத்தில் இரண்டு வெற்றி, கடைசிப் பத்தில் ஐந்து. முழுக் கட்டுப்பாட்டு நிலையில் மூன்று ஆட்டம் ஆடினேன். நான்காவதைத் தொடங்கும்போதே கை வலித்தது, விட்டுவிட்டேன். கரடி, மின்னல், க்ரோத் பயிற்சியை மனைவியோடு ஆடினேன். அவர் எனக்கு முன் புரிந்துகொண்டார் என்பதைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார். லெவல் ஒன் தொடரில் பாதி படித்திருக்கிறேன். காணொளியை நிறுத்தி எழுதும் முறையை இரண்டு முறைக்கு மேல் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. பனங்காய் அண்ணா மன்னிக்க வேண்டும். ஆனால் அந்த இரண்டு முறையிலேயே ஒன்று தெரிந்தது: நான் தாக்கியிருப்பேன் என்று எழுதிய இடங்களில் பாதிக்கு மேல் அந்த ஆட்டக்காரர் தாக்காமல் இருந்தார்.

அலுவலகத்தில் பொறுமையாக விளக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துக் கேட்டேன். அவர் ஒவ்வொரு வெள்ளியும் அரைமணி முன்னதாக வருகிறார். சென்ற வாரம் கமாண்டர் மேசையிலும் அவருடைய இரவல் கட்டோடு உட்கார்ந்தேன். நால்வரில் மூன்றாவதாக வெளியேறினேன்.

அந்த 168 சீட்டுகளும் வீணாகவில்லை. ஜம்ப்ஸ்டார்ட் முறையைப் பார்த்து, நிறத்துக்கு ஒன்றாக ஐந்து சிறு கட்டுகள் பிரித்தேன். ஒவ்வொன்றிலும் 12 சீட்டுகள், அலுவலக நண்பர் கொடுத்த அடிப்படை நிலம் 8. ஏதேனும் இரண்டைச் சேர்த்துக் கலைத்தால் 40. மனைவியும் நானும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஆடுகிறோம். இப்போது ஒரு சிக்கல்: பச்சைக் கட்டு எதனோடு சேர்ந்தாலும் திணறுகிறது, கையில் பெரிய சீட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன. அதில் ஒரு நிலத்தைக் கூட்டி ஒன்பதாக்கலாமா?

#16 · கூட்டல்கழித்தல்

பச்சையில் ஐந்து மானாவும் அதற்கு மேலும் கேட்பவை எத்தனை?

#17 · வெள்ளிவீதி

பன்னிரண்டில் ஆறு.

#18 · கூட்டல்கழித்தல்

நிலத்தில் கைவைக்காதீர்கள், 40-க்கு 16 என்பது போதும். அந்த ஆறில் மூன்றை எடுத்துவிட்டு, மீதமுள்ள குவியலில் இரண்டு மானாக் கிரீச்சர்கள் மூன்றைத் தேடி வையுங்கள். ‘லானோவர் எல்வ்ஸ்’ கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு மானாவுக்கு இறங்கி, அடுத்த முறையிலிருந்து அதுவே ஒரு மானா தரும். பத்து ஆட்டம் ஆடிவிட்டு எண்ணிக்கையோடு வாருங்கள்.